குறட்டையும் கும்பகர்ணனும்

மலர்க் குழுவினர் என்னை அணுகி, "விழா மலருக்கு ஒரு கட்டுரை தருதல் வேண்டும்" என்று கேட்டபொழுது, கம்பனைப் பற்றியோ சங்கச் சான்றோரைப் பற்றியோ நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் வேறு எதனை எழுதுவான்? ஆயின், நான் ஈண்டு எழுதப் புகுவது குறட்டையைப் பற்றி. வாசகர் நகைத்தல் கூடும். நகைத்த பின்னர் இக்கட்டுரையை இறுதிவரை படிப்பாராயின் எனக்கு அதுவே போதும். குறட்டை நகைத்து விடுதற்குரியதன்று என்பதே நான் சொல்ல வந்த செய்தியாகும்.

வகுப்பிலே உறங்கும் மாணவன் ஆசிரியனுக்கு ஓர் அவமதிப்பாகவே தோன்றுவான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் என் பாடவேளைகளில் நாள்தோறும் உறங்கினான். கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவன். இரவெல்லாம் கைப்பேசியில் விளையாடிவிட்டு இங்கு வந்து உறங்குகிறான் என்று யாரையும் உசாவாமல் நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஒரு நாள் பாடத்தினிடையே கும்பகர்ணனைப் பற்றிக் கூற நேர்ந்தது. அப்பொழுதும் அவன் மேசையிற் கவிழ்ந்து கிடந்தான். "இதோ, நம் வகுப்புக் கும்பகர்ணன்! இவனை எழுப்பவும் யானைகள் வரவேண்டுமோ?" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் எழுந்து நின்றான், ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் மாணவர்களிடையே அவனுக்கு அதுவே பெயராயிற்று. அப்பெயரைச் சூட்டியவன் நான்.

இவ்வாறு பிறர் உறக்கத்தை எள்ளிய என் நிலைமை அந்நாளில் எவ்வாறிருந்தது? காலையில் எழும்போதே தலைவலி. விடைத்தாள் திருத்த அமர்ந்தால் மூன்றாந் தாளிலே சிவப்புப் பேனா கோணற் கோடு இழுக்கும். பம்பலப்பிட்டியிற் பேருந்து ஏறி வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவன் தெஹிவளையிற் கண் விழித்த நாட்கள் பல. கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு சொற்பொழிவின்போது முன்வரிசையிலிருந்து குறட்டை விட்டேன். அருகிலிருந்த நண்பர் முழங்கையால் இடித்து எழுப்பினார். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உட்கொண்டவன் இரண்டு மாத்திரை உட்கொள்ள வேண்டியதாயிற்று. இவற்றுக்கெல்லாம் வயது, வெயில், வேலைப்பளு என்று காரணம் கற்பித்துக்கொண்டேன்.

உண்மையை அறிந்தவர் ஒருவரே. அவர் என் துணைவியார். "இஞ்சருங்கோ, நித்திரையிலே உங்களுக்கு மூச்சு நின்று போகிறது" என்று ஒரு நாட் காலை சொன்னார். "குறட்டை விடுபவனுக்கு மூச்சு எவ்வாறு நிற்கும்?" என்று நான் தருக்கம் பேசினேன். "குறட்டை திடீரென்று அடங்குகிறது. இருபது எண்ணும்வரை ஒலியே இல்லை. நெஞ்சு மட்டும் துடிக்கிறது. பிறகு நீரில் மூழ்கினவர் மேலே வந்தாற்போல இரைந்து மூச்சிழுக்கிறீர்கள். நான் எத்தனை மாதமாக விழித்துக் கிடக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை.

எனினும் என்னை வைத்தியரிடம் அனுப்பியது அவர் சொல் மட்டுமன்று. என் தந்தையாரின் நினைவுமாகும். அவர் வீடதிரக் குறட்டை விடுவார். பகலிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்தவுடன் உறங்குவார். ஒருநாள் இரவு உறங்கியவர் காலையில் எழவில்லை. "நித்திரையிலே போன புண்ணியவான்" என்று ஊரார் கூறினர். நாங்களும் அவ்வாறே கூறித் தேறினோம். அவர் எதனால் இறந்தார் என்பதை இனி எவரும் அறிய இயலாது. ஆயினும் என் துணைவியார் இருபதுவரை எண்ணியதாகச் சொன்ன அன்று, அந்தப் "புண்ணியவான்" என்னும் சொல் என் செவியில் வேறு விதமாக ஒலித்தது.

சுவாச நோய் வைத்தியர் ஒருவரைக் கண்டேன். அவர் பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்தவர். "சேர், முதலில் நீங்கள் எனக்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும்" என்று கூறி ஒரு தாளை நீட்டினார். எப்வேத் அளவை என்பது அதன் பெயர்; அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் மரே ஜோன்ஸ் என்னும் வைத்தியர் 1991 இல் வெளியிட்டது. வாசிக்கும்போது, வாகனத்திற் பயணஞ் செய்யும்போது, மதிய உணவின் பின் அமைதியாக அமர்ந்திருக்கும்போது என எட்டு நிலைமைகள் அதிலுண்டு. ஒவ்வொன்றிலும் கண்ணயர்தற்கு எவ்வளவு வாய்ப்புண்டு என்பதற்கு 0 முதல் 3 வரை நாமே புள்ளியிட வேண்டும். மொத்தப் புள்ளி 24. பத்தைத் தாண்டினால் வைத்தியரை நாடுதல் நன்று. எனக்குக் கிடைத்தது 17. "வாழ்நாளில் நீங்கள் எனக்கு இவ்வளவு புள்ளி தந்ததில்லை, சேர்" என்று அவர் நகைத்தார். பின்னர் நகைப்பை விடுத்து விளக்கினார்.

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடியும் மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிகின்றன. வழி ஒடுங்கும்போது அவ்வழிச் செல்லுங் காற்று அதிர்வை உண்டாக்குகின்றது, அதுவே குறட்டை. வழி முற்றாக மூடிக்கொள்ளுமாயின் நெஞ்சு எவ்வளவு முயன்றாலும் காற்று உட்புகாது. மூச்சு பத்து வினாடிகளேனும் தடைப்படுமாயின் அதனை ஒரு தடையாகக் கணக்கிடுவர். குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை அஞ்சி ஒரு கணம் உறக்கத்தைக் கலைக்கின்றது. தசை இறுகி வழி திறக்கின்றது. உறங்கியவருக்கு இது நினைவிருப்பதில்லை. இவ்வாறு ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழலாம். எட்டு மணி நேரம் படுத்தெழுந்தவர் உறங்காதவர் போலவே எழுகின்றார். இதனை ஸ்லீப் அப்னியா என்பர். துயிலிடை மூச்சுத்தடை என நாம் தமிழிற் கூறலாம். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்புண்டு. பருத்தவருக்கே மிகுதியாக வரினும், தாடை சிறுத்தும் தொண்டை ஒடுங்கியும் உள்ள மெலிந்தவரையும் இது விடுவதில்லை. உலகில் 30 முதல் 69 வயது வரையுள்ளோருள் ஏறத்தாழ 93 கோடி 60 இலட்சம் பேருக்கு இந்நோய் சிறிதளவேனும் இருக்கலாம் என 2019 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

நோயை உறுதி செய்வதற்கு இரு வழிகள் உள. ஒன்று, வைத்தியசாலையில் ஓரிரவு தங்குதல். அங்கே மூளை அலை, கண் அசைவு, தசை, இதயம், மூச்சு யாவற்றையும் பதிவு செய்வர். ஒருவர் விழித்திருந்து கண்காணிப்பார். மற்றையது, சிறு கருவியொன்றை வீட்டுக்குக் கொண்டு சென்று தன் பாயிலே உறங்குதல். எனக்கு வேறு பெருநோய் இன்மையாலும், அறிகுறிகள் தெளிவாக இருந்தமையாலும் வீட்டுச் சோதனையே போதும் என்றார் வைத்தியர்.

அன்று மாலை ஹெவ்லொக் டவுனில் உள்ள என் வீட்டுக்கு ஒரு சிறு பெட்டியோடு வந்தேன். நெஞ்சின் அசைவை அறிய ஒரு பட்டி. மூச்சோட்டத்தை அறிய மூக்கில் ஒரு மெல்லிய குழாய். ஒட்சிசனையும் நாடித் துடிப்பையும் அறிய விரலில் ஒரு கவ்வி. இவ்விரற்கவ்வி நமக்குப் புதியதன்று. கொவிட் நோய்க் காலத்திற் பல வீடுகளிலும் இருந்ததே. அதன் அடிப்படையை 1974 இல் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி கண்டறிந்தார். என் மகள் என் கோலத்தைக் கண்டு, "அப்பா விண்வெளிக்குப் போகிறார்" என்று சிரித்தாள். துணைவியார் சிரிக்கவில்லை, பட்டி நழுவாதிருக்கின்றதா என்று இருமுறை பார்த்தார். ஹெவ்லொக் வீதியின் இரைச்சல் அடங்க நெடுநேரமாயிற்று. புரண்டு படுத்தால் குழாய் கழன்றுவிடுமோ என்னும் அச்சமும் இருந்தது. இன்றிரவு உறக்கமே வராது. சோதனை வீணாகும் என்று எண்ணினேன். எண்ணியவன் எப்பொழுது உறங்கினேன் என்பதை அறியேன்.

காலையிற் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். சில நாட்களின் பின்னர் வைத்தியர் முடிவைக் காட்டினார். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதே அச்சோதனையின் தலையாய எண். ஐந்துக்குக் கீழாயின் இயல்பு. 5 முதல் 15 வரை இலேசு. 15 முதல் 30 வரை நடுத்தரம். முப்பதும் அதற்கு மேலும் கடுமை. என் எண் 34. சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையேனும் என் மூச்சு இடறியிருக்கின்றது. ஒட்சிசன் அளவு ஒரு கட்டத்தில் நூற்றுக்கு 78 வரை இறங்கியிருந்தது. கொவிட் காலத்தில் இவ்வெண்ணைக் கண்டிருந்தால் என்னை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடியிருப்பர். நானோ அதனை இரவுதோறும் என் வீட்டிலே, என் தலையணையிலே தாங்கிக் கிடந்தேன்.

இந்நோய் புதிதாகத் தோன்றியதன்று. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836 இல் எழுதத் தொடங்கிய "பிக்விக் பேப்பர்ஸ்" நாவலில் நின்ற நிலையிலும் உறங்கும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். நம் பழைய மாணவருள் அந்நாவலைப் படித்தோர் அவனை நினைந்து சிரித்திருப்பர். பகலுறக்கமும் உடற்பருமனும் மூச்சுக் குறைவும் உள்ள நோயாளி ஒருவரைப் பற்றி 1956 இல் எழுதிய அமெரிக்க வைத்தியர்கள் அந்நாவலின் பெயரையே அந்நிலைக்கு இட்டனர். உறக்கத்தில் மூச்சு நிற்பதை 1965 இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஆய்வாளர் கருவிகளாற் பதிவு செய்தனர். 1981 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் கொலின் சலிவன் என்னும் வைத்தியர் மூக்கின் வழியே இடையறாது காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடாமற் காக்கலாம் எனக் காட்டினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகம் நகைத்த ஒரு பையன் நோயாளி என்பதை அறிவதற்கு இத்துணைக் காலஞ் சென்றது. என் வகுப்பு மாணவனைப் பற்றி அறிய எனக்கு ஓராண்டு சென்றது.

அம்மாணவனின் கதையை முடித்துவிடுகின்றேன். என் சோதனை முடிவைக் கண்ட மறுநாளே அவன் தாயாரைப் பாடசாலைக்கு அழைத்தேன். முறைப்பாடு கேட்க வந்தவர் போலத் தலைகுனிந்து அமர்ந்தார். "தம்பி இரவில் எவ்வாறு உறங்குகிறான்?" என்று கேட்டேன். "வாயைத் திறந்தபடி, சேர். சரியான குறட்டை. கட்டில் முழுவதும் புரளுவான், வியர்த்துக் கொட்டும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் எழுப்ப முடியாது" என்றார். காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுமாறு கூறினேன். டொன்சில், அடினொயிட் என்னுஞ் சதைகள் பெருத்து வழியை அடைத்திருந்தன. சிறுவர்களிடம் இந்நோய்க்குப் பெரும்பாலும் அதுவே காரணம். சத்திர சிகிச்சை நடைபெற்றது. இன்று அவன் என் வகுப்பில் விழித்திருக்கிறான், வினாவும் கேட்கிறான். நான் அவனிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பின் முன்னிலையில் இட்ட பெயரை வகுப்பின் முன்னிலையிலேயே எடுத்தல் முறையன்றோ?

வள்ளுவர் மடியின்மை கூறுமிடத்தே துயிலையும் கேட்டுக்குரியவற்றுள் ஒன்றாக வைத்தார். அதனை ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றேன். அவர் கடிந்தது சோம்பலால் விரும்பி மேற்கொள்ளுந் துயிலை. நோயால் வருந் துயிலை நாம் அக்குறளைக் கொண்டு கடிவோமாயின், பிழை குறளில் இல்லை. பொருள் கொண்ட நம்மிடத்தே உள்ளது.

நிற்க, வீட்டுச் சோதனையை நான் புகழ்வது கொண்டு அது குறையற்றது என எவரும் எண்ணற்க. பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலையைப் பதிவதில்லை. ஆகவே நாம் உறங்கிய நேரத்தை அவை நேராக அறியா. விழித்துக் கிடந்த நேரமும் கணக்கிற் சேர்வதால் நோயின் கடுமை குறைவாகத் தோன்றலாம். அறிகுறிகள் இருந்தும் முடிவு இயல்பென வருமாயின், வைத்தியசாலைச் சோதனையே அடுத்த படி. கடும் இதய நோய், நுரையீரல் நோய், தசை நரம்பு நோய் உடையோர்க்கும் அதுவே தக்கது. சிறுவரை வீட்டுக் கருவி கொண்டு சோதித்தலும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. முடிவைப் படித்துப் பொருள் கூற வேண்டியவர் வைத்தியரேயன்றிக் கருவி விற்பவரல்லர். கைக்கடிகாரங்கள் சிலவும் இக்காலத்தில் எச்சரிக்கை தருகின்றன; எச்சரிக்கை வேறு, நோய் நிர்ணயம் வேறு.

இவ்வளவு கூறிய பின்னரும் வீட்டுச் சோதனையின் பக்கமே நிற்கின்றேன். வைத்தியசாலையிற் கட்டிலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் வரவேண்டும். அந்நிய இடத்திற் படுக்க வேண்டும். இவற்றுக்கு அஞ்சியே நம்மவர் பலர் "பிறகு பார்ப்போம்" என்பர். அந்தப் "பிறகு" வராமலே போதலுமுண்டு. தன் வீட்டிலே, தன் கட்டிலிலே ஓரிரவு என்றால் மறுப்பதற்குக் காரணமில்லை. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதித் திட்டம் 2008 ஆம் ஆண்டிலேயே இத்தகைய சோதனையை ஏற்றுக்கொண்டது.

எனக்குக் காற்றழுத்தப் பொறி விதிக்கப்பட்டது. முகமூடி அணிந்து உறங்கப் பழக மூன்று வாரமாயிற்று. இன்று காலையில் தலைவலியில்லை, தெஹிவளைக்குப் பயணமுமில்லை. என் துணைவியார் இரவு முழுவதும் உறங்குகிறார். இஃது என் சிகிச்சையா, அவர் சிகிச்சையா என நான் ஐயுறுவதுண்டு. ஆனால், பொறியின் விலை என் மூன்று மாதச் சம்பளத்தை விஞ்சியது. கடன்பட்டே வாங்கினேன். ஆசிரியனுக்கே இந்நிலையாயின் முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை இரவிரவாகப் பேருந்து செலுத்துபவருக்கும் எந்நிலை? சிகிச்சை பெறாத இந்நோயாளர் வாகன விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏனையோரினும் இருமடங்குக்கு மேல் என ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்விபத்து அவரோடு மட்டும் நிற்பதில்லை.

ஆதலின் இந்த விழா ஆண்டிற் பழைய மாணவர் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றேன். முதலாவது, நம் சங்கத்தில் வைத்தியர் பலர் உளர். விழா நாளிலே ஒரு மேசையிட்டு, அந்த எட்டு வினாத் தாளைப் பழைய மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பெற்றோர்க்கும் வழங்குக. செலவு தாளின் விலையே. இரண்டாவது, சோதனைக் கருவி ஓரிரண்டை வாங்கி, சுவாச நோய் வைத்தியர் ஒருவரின் பொறுப்பில் வைத்து, வசதியற்றோர்க்கு இரவல் வழங்குக. நூலகத்தில் நூல் இரவல் கொடுத்தாற் போன்றதே இதுவும். மூன்றாவது, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் நம்மவர், தாம் பயன்படுத்திய காற்றழுத்தப் பொறிகளை ஈண்டுள்ள உறவினர்க்கு அனுப்ப விரும்புவர். அவ்வன்பு போற்றற்குரியது, எனினும், வைத்தியரின் விதிப்பின்றி அவற்றைப் பொருத்தலாகாது. 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளேயுள்ள ஒலி தணிக்கும் நுரை சிதையக்கூடும் என்று கண்டு, தன் பொறிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. அனுப்புமுன் அப்பட்டியலையும் பார்த்தல் கடன்.

என் சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வகுப்பில் ஒரு பிள்ளை நாள்தோறும் உறங்குமாயின், பெயரிடுமுன் பெற்றாரை அழைத்து இரவைப் பற்றி வினவுங்கள். மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். வீட்டிலே தந்தையாரின் குறட்டை திடீரென அடங்கி, நெடுநேரம் ஒலியின்றி, பின் இரைச்சலோடு தொடங்குமாயின், போர்வையை இழுத்து மூடிச் சிரியாதீர்கள். காலையில் அவரிடம் சொல்லுங்கள். அவர் நம்பமாட்டார். நானும் நம்பவில்லை. ஆயினும் சொல்லுங்கள். என் தந்தையாருக்கு அதனைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.